கோடியார் வீட்டு மூன்றாவது பிள்ளை

“மாசமா இருக்கிறவளை வாசப்படி தாண்ட விடாம வெச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுஷங்கதானா?”

“அக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஜன்னல் திறந்திருக்கு.”

“திறந்தே இருக்கட்டும்! தெருவே கேக்கட்டும்! ஒரு தடவையாவது டாக்டர்கிட்ட காட்டுனீங்களா? அவ காலைப் பாருங்க மாப்பிள்ளை, தூண் கணக்கா வீங்கியிருக்கு!”

தெரு கேட்டது. கேட்காமல் இருக்குமா? எதிர்வீட்டுக் குழாயை யாரோ சட்டென்று மூடினார்கள், தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாது பாருங்கள். மாடி வீட்டு அத்தை, காய்ந்து எடுத்த துணியை மறுபடியும் கொடியில் காயப்போட்டார். தேய்ப்புக்கடைக்காரம்மா மட்டும் பாவம், இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின்மேல் வைத்தபடி காதை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டார். ஒரு காலர் கருகிப்போனது.

கத்தியது, அந்த வீட்டு அம்மாளின் கூடப்பிறந்த அக்கா. வெளியூரில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் காலை வண்டியில் வந்து இறங்கியிருந்தார். ஜன்னலைப் பற்றிக் கவலைப்பட்ட குரல் வீட்டுக்காரருடையது. அவருக்குத் தெருவில் நாங்கள் வைத்த பெயர் கோடியார்.

பணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வாடகை வீடுதான். மனிதர் வாயைத் திறந்தால் கோடிக்குக் கீழே எதுவும் வராது, அவ்வளவுதான். சுகாதாரத் துறையில் மக்கள்தொகை விழிப்புணர்வு அதிகாரி. பள்ளிக்கூடம், சந்தை, தொழிற்சாலை என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அங்கே ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டுக் கையில் கோலோடு நிற்பார். “உலக ஜனத்தொகை முதல் நூறு கோடியை எட்ட மனித இனத்துக்கு லட்சக்கணக்கான வருஷம் பிடித்தது. அங்கிருந்து எண்ணூறு கோடிக்கு வர இருநூற்றுச் சொச்சம் வருஷமே போதுமானதாக இருந்தது” என்று ஆரம்பிப்பார். கூட்டம் ‘ஆ’ என்று வாயைப் பிளக்கும். பிறகு கோல் மேலே ஏறும். இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயிரம் கோடியைத் தாண்டி ஓர் உச்சிக்குப் போகுமாம். அப்புறம் மெல்ல இறங்க ஆரம்பிக்குமாம்.

அந்த வரைபடத்தில் எதிர்காலத்துக்கு மூன்று கோடுகள் உண்டு. மேல் கோடு, நடுக்கோடு, கீழ்க் கோடு. “நடுக்கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் வித்தியாசம் என்ன தெரியுமா? ஒரு பெண்ணுக்கு சராசரியா அரைக் குழந்தை கூடுதல், அவ்வளவுதான்!” என்பார். ஒருமுறை எங்கள் மளிகைக்கடைக்காரர் கூட்டத்தில் எழுந்து, “சார், அந்த அரைக் குழந்தை தலைப்பக்கமா, கால்பக்கமா?” என்று கேட்டுவிட்டார். மண்டபம் அதிர்ந்தது. கோடியாரும் சிரித்தார், நல்ல மனிதர்தான். மளிகைக்கடைக்காரர் விடவில்லை. “எப்படியும் பின்னாடி தானா இறங்கப் போகுதுன்னா, இப்ப ஏன் சார் எங்களைப் போட்டு விரட்டுறீங்க?”

“தானா இறங்காது அண்ணே. பொண்ணுங்க படிக்கணும். பிரசவத்துல தாய் சாகக் கூடாது. பிறந்த குழந்தை பிழைக்கும்ங்கற நம்பிக்கை வந்தாதான் ஜனங்க ரெண்டோட நிறுத்துவாங்க. இத்தனை நாடுகள்ல கோடு வளைஞ்சதுக்கு அதுதான் காரணம்.”

பொன்னான பேச்சு. கைதட்டாதவர் இல்லை. அவருக்கும் ரெண்டே ரெண்டு பெண் குழந்தைகள். அந்த நான்கு பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து, ‘நால்வர் போதும், நலம் கூடும்’ என்று கீழே எழுதி, துறையே பெரிய விளம்பரத் தட்டியாக அடித்துவிட்டது. அடித்ததை எங்கே மாட்டினார்கள்? எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருக்கும் தாய்சேய் நல நிலையத்தில். கர்ப்பிணிகள் பரிசோதனைக்குக் காத்திருக்கும் பெஞ்சுக்கு நேர் மேலே.

வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

கோடியாரின் அம்மாவுக்குத் தட்டியைப் பார்த்துப் பெருமைதான். ஆனாலும் இருட்டிய வீட்டில் ஒற்றை விளக்கைத் தேடுகிறவர் மாதிரி ஒரே பேச்சு. “பொண்ணுங்க ரெண்டும் நாளைக்குப் பறந்துடும்டா. அப்பா பேரைச் சொல்ல ஒருத்தன் வேண்டாமா?” மேடையில் ஆணும் பெண்ணும் சமம் என்று முழங்குகிற நாக்கு, அம்மா எதிரே மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். ஊருக்குத்தானே உபதேசம். உள்ளுக்குள் அவருக்கும் அந்த ஆசை ஓர் ஓரமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். மனைவியைக் கேட்டார்களா என்கிறீர்களா? நல்ல கேள்வி. அவர்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை.

மனைவி கருத்தரித்தாள். அப்புறம்தான் கோடியாருக்கு வேர்த்தது. ‘நால்வர் போதும்’ தட்டிக்குக் கீழே ஐந்தாவது ஆளை வயிற்றில் வைத்துக்கொண்டு மனைவி போய் உட்கார்ந்தால்? ஊர் சிரிக்கும். அதுவும் எங்கள் தெரு இருக்கிறதே, சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்றே காத்துக்கிடக்கும். துறையில் அவருக்குப் பதவி உயர்வு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஆகையால் அவளைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. தூரத்துப் பெரிய ஊரில், தன்னை அறியாத ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளலாம் என்றார். ‘அடுத்த வாரம்’ என்றார். ‘இந்தக் கூட்டம் முடியட்டும்’ என்றார். பிரசவத்தையும் அங்கேயே முடித்துவிட்டு, யாரோ விட்டுப்போன குழந்தையைத் தத்தெடுத்ததாகச் சொல்லிவிடுவது என்றுகூட அம்மாவும் மகனும் பேசி வைத்திருந்தார்கள். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்; வாரிசும் கிடைத்தது, வள்ளல் என்ற பெயரும் கிடைத்தது.

இதெல்லாம் தெருவுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. அவள் தொளதொளவென்று நைட்டி போட ஆரம்பித்த அன்றே மாடி வீட்டு அத்தை கணக்குப் போட்டுவிட்டார். குப்பை போட வெளியே வந்தவள் புருஷன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்ததை மளிகைக்கடைக்காரர் பார்த்தார். வீங்கிய கால் அவள் செருப்பில் நுழையவில்லை. முகம் ஊதிப்போயிருந்ததைத் தேய்ப்புக்கடைக்காரம்மா பார்த்தார். “உக்காந்து தின்னா உடம்பு ஊதத்தான் செய்யும்” என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். “அரைக் குழந்தையா முழுக் குழந்தையான்னு பாக்கத்தானே போறோம்” என்றார் இன்னொருவர். எங்கள் தெருவில் ஒரு சேதி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக ஒரு கொட்டாவி நேரம் போதும். பின்தெருவில் இருந்த நர்ஸம்மா காதுக்கு மட்டும் அது போகவே இல்லை. அவர் வம்பு பேச உட்காருகிற ஆள் இல்லையாம். அதனால் யாரும் சொல்லவில்லை.

சண்டைக்கு வருவோம்.

அக்கா தங்கையின் கையைப் பிடித்து இழுத்தார். “எழுந்திரு. பின்தெருதானே, நடந்தே போயிடலாம். நான் கூட்டிட்டுப் போறேன்.”

தங்கை கையை விடுவித்துக்கொண்டாள். அதைத்தான் யாருமே எதிர்பார்க்கவில்லை.

“வேண்டாங்க்கா. என் படத்துக்குக் கீழ, அதே பெஞ்சுல, வயித்தைத் தள்ளிக்கிட்டு நான் எப்படிக்கா போய் உக்காருவேன்? அங்க வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் நர்ஸம்மா என்னைக் காட்டித்தான் புத்தி சொல்லுது. மேல பாப்பாங்க, கீழ பாப்பாங்க. செத்துடலாம்னு இருக்கும்.”

“வாயைக் கழுவுடி.”

“வெள்ளிக்கிழமை விழாக்கா. அவருக்கு விருது தர்றாங்க. சனிக்கிழமை காலைல கார் சொல்லியிருக்காரு. நாலு நாள்தானே. இத்தனை நாள் இருந்தாச்சு.”

கோடியார் குனிந்த தலையோடு, “சத்தியமா அக்கா, சனிக்கிழமை கூட்டிட்டுப் போயிடறேன். பெரிய ஆஸ்பத்திரி. அங்க யாருக்கும் நம்மளைத் தெரியாது” என்றார்.

“யாருக்கும் தெரியாத ஊருக்குப் போறதுக்கு அவ என்ன திருடிட்டா வந்திருக்கா? புருஷன் பிள்ளையைத்தானே சுமக்கறா!”

மாமியார் உள்ளேயிருந்து, “எங்க காலத்துல டாக்டரா பாத்தோம்? நான் அஞ்சு பெத்தேன்” என்றார்.

“பெத்தீங்க அத்தை. எத்தனை இப்ப இருக்கு?”

ரெண்டுதான் இருந்தது என்பது தெருவுக்கே தெரியும்.

அக்கா சாயந்தர வண்டிக்குக் கிளம்பினார். தங்கையே வேண்டாம் என்றபோது என்ன செய்வது? வாசலில் நின்று, “சனிக்கிழமை நான் போன் பண்ணுவேன். டாக்டர் பக்கத்துல இருந்து நீ பேசணும்” என்று மட்டும் சொன்னார். எங்களை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மாடி வீட்டு அத்தை காய்ந்த துணியை மூன்றாம் முறையாக எடுக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை கோடியார் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தலை வெடிக்கிற மாதிரி வலிக்குதுங்க. கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்குது.”

அவர் பொத்தானில் கைவைத்தபடி ஒரு கணம் நின்றார். அப்போதே அவர் விழாவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். “ராத்திரி தூங்கலை இல்ல, அதான். தைலம் போட்டுப் படு. நாளைக்குக் காலைல கார் வந்துடும்” என்றார். அம்மாவிடம் திரும்பி, “ஏதாவதுன்னா பின்தெருவுக்குப் போயிடாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். அமைச்சர் வரத் தாமதம். கோடியார் கோலை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டின் மேல் நகர்ந்துகொண்டிருந்தார். பிரசவ மரணங்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன, அதனால் கோடு எப்படி வளைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று அவர் பேச்சு என்றைக்கும் இல்லாத அளவுக்கு நன்றாக இருந்ததாகக் கேட்டவர்கள் சொன்னார்கள்.

அதே நேரம் அவர் வீட்டுச் சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன.

மாமியாரின் அலறல் கேட்டுத் தேய்ப்புக்கடைக்காரம்மாதான் முதலில் ஓடினார். தரையில் மருமகள் கை கால் இழுத்துக்கொண்டு, பல் கிட்டிப்போய்க் கிடந்தாள். வலிப்பு. மளிகைக்கடைக்காரர் சரக்கு வண்டியைப் பின்னோக்கி எடுத்து வாசலில் நிறுத்தினார். மூட்டைகளை இறக்கக்கூட நேரமில்லை. மாவு மூட்டைகளுக்கு நடுவே அவளைக் கிடத்தி, தலையைத் தேய்ப்புக்கடைக்காரம்மா மடியில் தாங்கிக்கொண்டார்.

“பின்தெருவுக்கு விடுங்க!” என்றார் அவர்.

“அங்க வேண்டாம்!” மாமியார் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “எம்புள்ள சொல்லிட்டுப் போயிருக்கான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. பின்தெருவுக்குப் போனா மானம் போயிடும்!”

மளிகைக்கடைக்காரர் யாருடைய வார்த்தையைக் கேட்பார்? வீட்டுப் பெரியவர் சொல்கிறார். படித்த மகன் சொல்லியிருக்கிறாராம். ஏதாவது காரணம் இருக்கும். வண்டி தாய்சேய் நிலையத்தின் வாசலைத் தாண்டியது. வாசலில் நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். மளிகை வண்டி வேகமாய்ப் போவதைப் பார்த்து, ‘இந்த ஆள் என்றைக்காவது யாரையாவது இடிக்கப் போகிறார்’ என்று நினைத்துக்கொண்டாராம்.

நெடுஞ்சாலை ஏறும்போது இரண்டாவது வலிப்பு வந்தது. உதடு நீலமாயிற்று. “திருப்புய்யா வண்டியை! மானத்தை நான் பாத்துக்கறேன்!” என்று தேய்ப்புக்கடைக்காரம்மா போட்ட சத்தத்தில் வண்டி திரும்பியது. ஆனால் சந்தைக்கடை நெரிசல். போனதை விடத் திரும்பி வர அதிக நேரம் பிடித்தது.

நர்ஸம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊசி போட்டார், பிராண வாயு வைத்தார், டாக்டர் வந்தார், பிரஷர் கருவியைப் பார்த்தவர் மறுபடியும் கட்டிப் பார்த்தார். ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. குறைமாதம், ஆனாலும் அழுதது. தாய் கண் விழிக்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

கோடியாருக்குத் தகவல் போனபோது விருது வாங்கி முடித்திருந்தார். தகவல் சொன்னவர் குழப்பத்தில் தாய்சேய் நிலையம் என்று மட்டும் சொன்னார். அதனால் அவர் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஓட்டமாய் அங்கேதான் வந்தார். பெஞ்சில் நாலைந்து கர்ப்பிணிகள். மேலே தட்டியில் அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அவ?”

“பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பிட்டோம்” என்றார் நர்ஸம்மா. கையைக் கழுவிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா, ஒரு தடவை பிரஷர் பாத்திருந்தா, ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, வாராவாரம் வரச் சொல்லியிருப்போம். பின்தெருவுல இருந்துக்கிட்டு ஏன் சார் கூட்டிட்டு வரலை?”

அவர் கண்கள் தட்டியின் பக்கம் போயின.

நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “இது எத்தனாவது பிள்ளைன்னு எண்ணறதுக்கா சார் நாங்க இங்க உக்காந்திருக்கோம்? வர்றவ உசிரோட வீட்டுக்குப் போறாளான்னு பாக்கத்தான் உக்காந்திருக்கோம். நீங்க கூட்டத்துல சொன்னதை நாங்க நம்பினோம் சார். நீங்களும் நம்புவீங்கன்னு நினைச்சேன்.”

சொல்லிவிட்டு, அடுத்த பெண்ணை உள்ளே கூப்பிட்டார். வேலை கிடந்தது.

அக்கா மறுநாள் வந்தார். சனிக்கிழமை. சொன்ன கார் வாசலில் வந்து நின்று, யாரும் ஏறாமல் திரும்பிப் போனது. அக்கா அழவில்லை, யாரையும் திட்டவில்லை. ரெண்டு பெண் பிள்ளைகளுக்கும் தலை வாரிவிட்டு, சாப்பாடு ஊட்டினார். அவர் திட்டியிருந்தால் தெருவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கோடியார் நீண்ட விடுப்புப் போட்டார். துறை விசாரிக்கவில்லை, இரங்கல் தெரிவித்தது. அடுத்த வருஷ விழாவுக்கு அவரையே பேசக் கூப்பிட்டார்கள். ஊரில் அவரைவிட நன்றாகப் பேசுகிறவர் இல்லையாம். போகமாட்டார் என்றுதான் பந்தயம் கட்டியிருந்தோம். போனார். நாங்களும் போனோம், என்ன சொல்லிச் சமாளிக்கிறார் என்று பார்க்க.

வரைபடம் இல்லை. கோலும் இல்லை. வெறுங்கையோடு மைக்கின் முன்னால் வந்து நின்றார். பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

“போன வருஷம் இதே இடத்துல நின்னு, பிரசவத்துல சாகிற தாய்மார் எண்ணிக்கை குறைஞ்சிருக்குன்னு சொல்லிட்டிருந்தேன்” என்றார். “நான் அதைச் சொல்லிட்டிருந்தப்ப என் மனைவி செத்துக்கிட்டிருந்தா. என்னால. நாலு பேர் சிரிப்பாங்களேன்னு அவளை மறைச்சு வெச்சேன். மூணாவது பிள்ளை வேணுமான்னு அவளைக் கேக்கலை. வயித்துல வந்த பிறகு டாக்டர்கிட்டயும் காட்டலை. எண்ணூறு கோடிப் பேருக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். என் வீட்ல ஒருத்திக்குத் தலை வலிச்சது, அது எனக்குப் பெரிசாத் தெரியலை.”

தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கவில்லை.

“கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். எத்தனை பிள்ளைங்கறதைப் பெத்துக்கிறவ முடிவு பண்ணட்டும். எத்தனாவதா இருந்தாலும் மறைக்காதீங்க, முதல் மாசமே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். சிரிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன்: பக்கத்து வீட்ல ஒருத்தி கால் வீங்கி நடந்தா, அதை அடுத்த வீட்ல போய்ச் சொல்லாதீங்க. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. ஜனத்தொகைன்னு நான் கோடி கோடியாச் சொன்னதெல்லாம் இப்படி ஒவ்வொருத்தியாத்தான் இருக்கு.”

யாரும் கைதட்டவில்லை. மளிகைக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார்.

விழா நடந்த அந்த மாசமே அக்கா மூன்று பிள்ளைகளையும் தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். கோடியாரும் மாற்றல் வாங்கிக்கொண்டு அதே ஊருக்குப் போனார். அக்கா வீட்டில் இல்லை, நாலு தெரு தள்ளி ஒற்றை அறையில். வாரத்துக்கு ஒருநாள் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி. பெரியவள் இன்னும் அவரோடு பேசுவதில்லை என்று கேள்வி. அவர் அம்மா மகள் வீட்டுக்குப் போனார். பேரனைப் பார்க்க வரட்டுமா என்று ரெண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டாராம். அக்கா பதில் அனுப்பவில்லை.

சில மாதங்களுக்கு முன் தேய்ப்புக்கடைக்காரம்மாவின் மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் சம்பளம் இவ்வளவு, வீடு இத்தனை அறை என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. எம்பொண்ணு உடம்பு முடியலைன்னு சொன்னா, யாரு என்ன நினைப்பாங்கன்னு பாக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போவியா?”

பையன் திருதிருவென்று விழித்தான். அவன் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவன், “போவேன்” என்றான்.

கல்யாணம் முடிந்து, பெண் அவனோடு வெளியூருக்குக் குடிபோய்விட்டாள்.